சுவரில் பூத்த பூஞ்சணம்: சமையல்கட்டில் இருப்பது போதுமா?

இயற்கை வேளாண்மை செய்யும் நண்பர்கள் வீடுகளுக்கு நான் அடிக்கடி போவதுண்டு. வயலைப் பார்ப்பேன், மாட்டைப் பார்ப்பேன், மண்பானையில் சாம்பல் கலந்து வைத்த விதையைப் பார்ப்பேன். கிளம்பும் முன் கைகால் கழுவக் குளியலறைக்குள் போனால், மூலையில் ஒரு ஆசிட் பாட்டிலும் ஒரு பிளீச்சிங் பவுடர் பையும் நிற்கும். பத்துப் பதினைந்து வருஷமாக வயலில் ஒரு சொட்டுப் பூச்சிக்கொல்லி விடாதவர் வீடு அது. கொல்லைப்புறம் போய்ப் பார்த்தால், அந்தக் குளியலறைத் தண்ணீர் முழுக்க வாழைக்கும் கல்வாழைக்கும்தான் ஓடுகிறது.

குறை சொல்ல இதை எழுதவில்லை. ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் டெல்டாவில் எந்த வீட்டுக் குளியலறையும் தப்புவதில்லை. டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்துப்போகும். கூரை மூலையில் புள்ளி புள்ளியாகப் படரும். கதவைத் திறந்தாலே ஈரவாடை. கடைக்காரரிடம் கேட்டால் அவர் எடுத்துக் கொடுப்பது ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்தான். யூரியாவுக்கு மாற்று என்ன, பூச்சிமருந்துக்கு மாற்று என்ன என்று கூட்டம் போட்டுப் பேசிய நாம், குளியலறைக்கு மாற்று என்ன என்று பேசவே இல்லை. அதைத் தேய்த்துக் கழுவுவது பெரும்பாலும் பெண்கள் வேலையாக இருப்பதால் நம் கூட்டங்களில் அந்தப் பேச்சே வரவில்லை என்பது என் சந்தேகம்.

எங்கள் வீட்டில், நான் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற மறுமாதத்திலிருந்து அது என் வேலை. சம்சாரம் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "முப்பத்தி நாலு வருஷம் நான் தேய்ச்சாச்சு, இனிமே நீங்க." எதையும் நோட்டில் எழுதி வைக்கிற வங்கிப் புத்தி எனக்கு. ஆறு மழைக்காலமாக அந்த நோட்டில் எழுதி வந்ததைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நோயைக் கண்டுபிடிக்கணும்

நெற்பயிர் பழுத்தால் உடனே மருந்து தேடுவதில்லை நாம். குலைநோயா, இலைக்கருகலா, துத்தநாகக் குறைபாடா, தண்ணீர் தேங்கியதா என்று இலையைத் திருப்பிப் பார்க்கிறோம். குளியலறையிலும் அதே வேலைதான். கறை என்று நாம் சொல்வதில் குறைந்தது நான்கு விதம் உண்டு.

கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ புள்ளி புள்ளியாக, கை வைத்தால் மெத்தென்றோ தூளாகவோ இருந்தால் அது பூஞ்சணம். வாளி அடியிலும், குழாய் வாயிலும், தண்ணீர் போகும் சல்லடையைச் சுற்றியும் வழுவழுவென்று ரோஸ் நிறத்தில் படிவது பூஞ்சணம் இல்லை. அது செராட்டியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியா. சோப்புப் படிவிலும் உடம்பு அழுக்கிலும் வளர்வது. பிரஷ் போட்டுத் தேய்த்துக் காயவிட்டாலே போய்விடும். ஈரம் நின்றால் திரும்ப வரும். குழாயைச் சுற்றி வெள்ளையாக, ஓடு மாதிரி கட்டியாகப் படிவது போர்த் தண்ணீரின் உப்பு. உயிரே இல்லாத அதற்குப் பூஞ்சைக்கொல்லி எதற்கு? காவி நிறத்தில் வழிந்த கோடு, தண்ணீரில் உள்ள இரும்பு.

இதைத் தெரிந்துகொண்டாலே பாதி ஆசிட் செலவு மிச்சம். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் வெள்ளைக் கறையைப் பூஞ்சணம் என்று நினைத்து வாரம் தவறாமல் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். அது போகவே இல்லை. பிளீச்சிங் பவுடரே சுண்ணாம்புச் சரக்கு, அது எப்படிச் சுண்ணாம்புக் கறையைக் கரைக்கும்? அங்கே வேண்டியது புளிப்பு. பித்தளைக் குடத்துக்குப் போடுகிற பழம்புளிக் கரைசலை ஒரு துணியில் நனைத்துக் குழாயில் சுற்றி அரைமணி நேரம் விட்டுத் தேய்க்கச் சொன்னேன், பெரும்பகுதி உதிர்ந்தது.

17 சதவீதம்

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ஈரப்பதம் பார்க்கும் மெஷினையே வெறித்துக்கொண்டு நிற்கிற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். மழை வந்தால் 22 சதவீதம் வரை தளர்த்தச் சொல்லி மனு கொடுக்கிறோம். வீட்டில் சேமிக்கிற நெல் என்றால் 14 சதவீதத்துக்குக் கீழே காய்ந்தால்தான் கைபடாமல் இருக்கும். ஈரம் இருந்தால் பூஞ்சணம், ஈரம் போனால் பூஞ்சணம் இல்லை. நிலக்கடலையைச் சரியாகக் காயவைக்காமல் மூட்டை கட்டினால் அஸ்பர்ஜில்லஸ் பிடித்து அஃப்ளாடாக்சின் வரும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். குளியலறைச் சுவரில் பூக்கிறவையும் அஸ்பர்ஜில்லஸ், கிளாடோஸ்போரியம் என்று அதே கூட்டத்து ஆட்கள்.

பூஞ்சண வித்து காற்றில் எங்கும் இருக்கிறது. ஒரு அறையிலிருந்து அதை முழுசாக ஒழிக்க எந்த மருந்தாலும் முடியாது. விழுந்த இடத்தில் ஈரமும் தீனியும் இருந்தால் முளைக்கும். தீனி என்ன? சோப்புப் படிவு, உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கு, முடி, தூசி, சுவரின் பெயின்ட். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காமல் திரித்திரியாகச் சுவரில் ஒட்டுமே, அதுதான் படிவு. நலங்குமாவும் கடலைமாவும் தேய்த்துக் குளிக்கிற வீடுகளில் அந்த மாவும் இடுக்கில் தங்கும். மாவு நல்லதுதான், கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீரைச் சுவரில் அடித்துக் கழுவிவிடணும்.

அந்தக் காலத்து வீடுகளில் குளிப்பது கொல்லையில், கிணற்றடியில். மேலே வானம், பக்கத்தில் தென்னங்கீற்றுத் தட்டி. அங்கே பூஞ்சணத்துக்கு வேலை இல்லை. படுக்கையறையை ஒட்டி, ஒரு முழ வென்டிலேட்டரோடு அட்டாச்டு பாத்ரூம் வந்த பிறகு வந்த வியாதி இது. அந்த ஒரு முழத்தையும் கொசு வருது, பல்லி வருது என்று அட்டையால் அடைத்து வைத்திருப்போம். அட்டையை எடுத்துவிட்டுக் கொசுவலை அடியுங்கள். ஓட்டு வீடாக இருந்தால் குளியலறைக்கு மேல் ஒரு கண்ணாடி ஓடு போடுங்கள். வெயில் இறங்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் குளித்து முடித்த பிறகும் அரைமணி நேரம் ஓடட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து, தரை துடைக்கிற ரப்பர் வைப்பர்தான். கடைசியாகக் குளிக்கிறவர் சுவரையும் தரையையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வரணும். இரண்டு நிமிஷம். வாளியையும் சொம்பையும் கவிழ்த்து வைக்கணும். நனைந்த துணியை உள்ளேயே குவித்து வைக்கக் கூடாது.

இதை ஒரு மழைக்காலத்தில் சரிபார்த்தேன். கார்த்திகை முதல் வாரத்தில் கீழ்க் குளியலறை, மாடிக் குளியலறை இரண்டையும் ஒரே மாதிரி வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கீழே தினமும் வைப்பர் போட்டோம், மாடியில் வேண்டுமென்றே போடவில்லை. மாடியில் ஐந்தாவது வாரம் கறுப்பு எட்டிப் பார்த்தது. கீழே தைப் பொங்கல் வரை வரவில்லை. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், இரண்டு அறை, ஒரு மழைக்காலம், அவ்வளவுதான். ஆனால் கடையில் என்ன வாங்குவது என்பதைவிடக் குளித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது.

இனி சமையல்கட்டு

ஏற்கெனவே பூத்துவிட்டதை எடுக்கத்தான் வேணும். அதற்கு என் முதல் கை வினிகர். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் 4 முதல் 5 சதவீதம் வரை அசெட்டிக் அமிலம் இருக்கும். தண்ணீர் கலக்காமல் அப்படியே கைத்தெளிப்பானில் ஊற்றி, காய்ந்த டைல்ஸ் மேல் நனையும்படி அடித்து ஒரு மணி நேரம் விட்டுவிடணும். அடித்த உடனே துடைத்தால் பிரயோஜனம் இல்லை. பிறகு பிரஷ்ஷாலோ தேங்காய் நாராலோ தேய்த்து, கழுவி, துணியால் ஈரம் போகத் துடைக்கணும். புளிப்பு வாடை இரண்டு மணி நேரத்தில் போய்விடும். எல்லா வகைப் பூஞ்சணத்தையும் வினிகர் கொல்லாது, ஆனால் வழவழப்பான டைல்ஸில் நமக்கு வேண்டிய வேலையைச் செய்கிறது. சோப்புப் படிவையும் இளக்கிவிடுவதால் தீனியும் சேர்ந்து போகிறது.

வீட்டிலேயே கரும்புச்சாற்றிலோ தென்னையிலோ காடி தயாரிக்கிறவர்கள் நம்மில் உண்டு. அதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பு எவ்வளவு என்று அளக்காத, சர்க்கரை மிச்சமிருக்கிற காடியைச் சுவரில் அடித்தால் பூஞ்சணத்துக்குப் பாயசம் வைத்த மாதிரி.

வினிகர் எங்கே கூடாது என்பதும் முக்கியம். மார்பிள், கடப்பாக்கல், மார்பிள் சில்லு போட்ட மொசைக், காவித்தரை, இவை எதன் மேலும் படக் கூடாது. இவையெல்லாம் சுண்ணாம்புச் சத்தோ சிமென்ட்டோ உள்ளவை, புளிப்பு பட்டால் அரித்துப் பளபளப்பு போய்விடும். எலுமிச்சையும் புளியும் அதே கணக்குதான். டைல்ஸ் இடுக்கில் இருப்பதும் சிமென்ட்தான், அதனால் வாராவாரம் வினிகரை இடுக்கில் ஊற வைப்பது நல்லதில்லை.

இடுக்குக்கு ஆப்ப சோடா. மூன்று ஸ்பூன் சோடாவுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் குழைத்து, இடுக்கில் அப்பி, கால்மணி நேரம் கழித்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் கறுப்பு கிளம்பி வரும். சோடா பூஞ்சணத்தைக் கொல்கிறது என்பதைவிட, வளர விடாமல் தடுக்கிறது, நைஸான உப்புத்தாள் மாதிரி சுரண்டி எடுக்கிறது என்று சொல்வதுதான் சரி. கொடிக்காய்களில் சாம்பல் நோய்க்குச் சோடா கரைசல் அடிப்பது சிலருக்குப் பழக்கமாக இருக்கும், அதே தத்துவம்தான். இடுக்கின் உள்ளே வரை கறுப்பு ஊறிப்போயிருந்தால் எந்தச் சோடாவுக்கும் வராது. பழைய வெள்ளை சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசணும்.

வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கும் பாருங்கள், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பொங்குவது கரியமில வாயு. புளிப்பும் காரமும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு தீர்ந்துபோய், கடைசியில் கையில் இருப்பது கொஞ்சம் உப்புக் கலந்த தண்ணீர். வரவும் செலவும் சரியாகி இருப்பு பூஜ்யம். அடைபட்ட சல்லடைக் குழியில் அழுக்கைக் கிளப்பிவிட அந்தப் பொங்கல் கொஞ்சம் உதவலாம். சுவருக்கு இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள், இடையில் ஒருமுறை கழுவிவிட்டு.

வெறும் அழுக்கு எடுக்க நான் பயன்படுத்துவது பூந்திக்கொட்டை. பத்துக் கொட்டையை விதை நீக்கி இரவு ஊறப்போட்டு, காலையில் கொதிக்கவைத்து வடிகட்டினால் ஒரு வாரத்துக்கு வரும். உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், சோப்பு மாதிரி திரி திரியாகப் படியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: மீன்குட்டை வைத்திருப்பவர்கள் இந்தத் தண்ணீர் குட்டைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளணும். பூந்திக்கொட்டையில் உள்ள சபோனின் மீனுக்கு விஷம். சீயக்காயிலும் அது உண்டு.

இயற்கை விவசாயிகளிடம் மட்டுமே வரக்கூடிய சில கேள்விகள் உண்டு. போன வருஷம் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டார், "ஐயா, புளிச்ச மோர் அடிச்சா வயல்ல பூஞ்சை கட்டுப்படுதே, பாத்ரூம்ல அடிச்சா என்ன?" இன்னொருவர், "டிரைக்கோடெர்மா விரிடி அடிச்சா மத்த பூஞ்சையைத் தின்னுடாதா?" என்றார். நல்ல கேள்விகள்தான். ஆனால் வயல் வேறு, சுவர் வேறு. இலை மேல் அடித்த மோரில் உள்ள பால்சத்து வெயிலிலும் மழையிலும் மண்ணுக்குப் போய்விடும். நிழலும் ஈரமுமான சுவரில் அது அப்படியே ஒட்டிக்கொண்டு தீனியாகும். டிரைக்கோடெர்மாவோ அதுவே ஒரு பூஞ்சணம். ஈரம் ஊறிய கட்டடச் சுவர்களில் பிடிக்கிற பூஞ்சணங்களில் அதுவும் ஒன்று. மண்ணில் நமக்கு நண்பன், சுவரில் இன்னொரு குடித்தனக்காரன். பஞ்சகவ்யாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பழத்தோலில் செய்யும் என்சைம் கரைசல் (வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம்) தரை கழுவ நன்றாக இருக்கிறது. பூஞ்சணத்துக்கு அடித்தால் கட்டாயம் கழுவிவிடணும், புளித்து முடியாத கரைசலில் வெல்லம் மிச்சம் இருக்கும்.

மஞ்சள் வேண்டாம், சுவர் முழுக்க மஞ்சளாகும். கல்லுப்பு தேய்க்கக் கரகரப்பாக இருக்கும், ஆனால் அது போய்ச் சேரும் இடம் வாழைக்கட்டை. நாட்டுமருந்துக் கடை வெண்காரம் பூஞ்சணத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். அதில் இருப்பது போரான். பயிருக்கு அது துளியளவு வேணும், துளி கூடினால் இலை ஓரம் கருகும். குளியலறைத் தண்ணீர் செப்டிக் டேங்குக்குப் போகிற வீட்டுக்காரர்கள் யோசிக்கலாம், தோட்டத்துக்குப் போகிற வீட்டில் வெண்காரம் வேண்டாம்.

டைல்ஸ் இல்லாத சுவர்களுக்கு நம் முன்னோர் வைத்திருந்த மருந்து சுண்ணாம்பு. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது அழகுக்கு மட்டும் இல்லை. புதுச் சுண்ணாம்பின் கடுங்காரத்தில் பூஞ்சணம் முளைக்காது. காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சுண்ணாம்பு மறுபடி கல்லாக மாறும்போது அந்தக் காரம் போய்விடும். அதனால்தான் வருஷா வருஷம் அடித்தார்கள். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. பழைய குளியலறையைப் பூசாமல் விட்டுவைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி. நீற்றும்போதும் அடிக்கும்போதும் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளணும்.

கலக்கக் கூடாதது

எங்கள் ஊருக்குப் பக்கத்தில், பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில் அது போதவில்லை என்று ஆசிட்டையும் ஊற்றினார் ஒரு அம்மா. வென்டிலேட்டர் மூடியிருந்தது. மஞ்சள் கலந்த பச்சைப் புகை, கண் எரிச்சல், நெஞ்சடைப்பு. வெளியே ஓடிவந்து விழுந்தவரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். அந்தப் புகை குளோரின். முதல் உலகப்போரில் 1915-இல் ஈப்ர என்ற ஊரில் படைவீரர்கள் மேல் திறந்துவிட்ட அதே வாயு.

அதற்கு ஆசிட்தான் வேணும் என்பதில்லை. பிளீச்சோடு வினிகர் சேர்ந்தாலும், எலுமிச்சை சேர்ந்தாலும் அதே குளோரின் வரும். சிறுநீர் படிந்த இடத்தில் பிளீச் போட்டால் குளோரமின் என்று இன்னொரு வாயு. அதனால் சமையல்கட்டுப் பொருள்தானே, என்ன ஆகிவிடும் என்று பிளீச் போட்ட குளியலறையில் வினிகர் அடிக்காதீர்கள். இன்று முதல் மாறப் போகிறோம் என்றால் முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கதவைத் திறந்து காயவிட்டு, இரண்டு நாள் கழித்து வினிகரை எடுங்கள்.

பேத்திக்கு இழுப்பு உண்டு. தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் அவள் குளிப்பதற்கு முன் மருமகள் குளியலறையைப் பார்ப்பாள். ஒருமுறை என்னிடம், "மாமா, பிளீச் போட்டா ஒரே நாள்ல போயிடும். நீங்க வினிகரை வச்சுக்கிட்டு மல்லுக்கட்றீங்களே" என்றாள்.

"டைல்ஸ்ல போயிடும்மா, நீ சொல்றது சரி. இடுக்குலயும் பூச்சுச் சுவர்லயும் மேல் நிறம்தான் வெளுக்கும், உள்ள அப்படியே இருக்கும். அந்த நெடியும் பாப்பாவுக்கு ஆகாதே" என்றேன்.

அவள் யோசித்தாள். "டாக்டரும் ரெண்டும் ஆகாதுன்னுதான் சொன்னாங்க மாமா, பூஞ்சணமும் சரி, பிளீச் நெடியும் சரி."

இதில் அவள் பக்கத்து நியாயத்தை மறைக்கக் கூடாது. குழந்தைக்கு இழுப்பு இருக்கிற வீட்டில் பூஞ்சணத்தைச் சும்மா விட்டுவைப்பது, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது, இரண்டும் தப்பு. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் பூஞ்சணத்துக்கு வழக்கமாகப் பிளீச் போடுவதைப் பரிந்துரைப்பதில்லை. காரணம், செத்த பூஞ்சணமும் சிலருக்கு ஒவ்வாமை தரும். கொன்றால் போதாது, தேய்த்து எடுத்து வெளியேற்றணும். அவர்கள் சொல்கிற இன்னொரு கணக்கு: நனைந்த இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது.

அதனால் தேய்க்கும்போது சில விஷயங்கள். காய்ந்த பூஞ்சணத்தை அப்படியே பிரஷ்ஷால் தேய்த்தால் வித்து தூளாகப் பறந்து மூக்குக்குள் போகும். முதலில் நனைத்து, பிறகுதான் தேய்க்கணும். மூக்கில் மாஸ்க், கையில் உறை. துண்டு கட்டுவதெல்லாம் நெல் தூற்றத்தான் சரி, இதற்கு மாஸ்க்கே போடுங்கள். இழுப்பு உள்ளவர்கள், குழந்தைகள் அன்று அந்தப் பக்கம் வர வேண்டாம். துடைத்த துணியை வெந்நீரில் அலசி வெயிலில் போடணும். சுவரில் மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் படர்ந்திருந்தால் அது நம் பிரஷ் வேலை இல்லை. உள்ளே எங்கோ குழாய் கசிகிறது, அல்லது மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிறது.

தண்ணீர் போய்ச் சேரும் கணக்கு

வாரத்துக்கு இரண்டு குளியலறைக்கும் சேர்த்து எனக்குச் செலவாவது கால் லிட்டர் வினிகர், ஆறேழு ஸ்பூன் சோடா. வினிகர் தண்ணீரோடு சேர்ந்து மண்ணுக்குப் போனால் நுண்ணுயிர்களே அதைத் தின்று தீர்த்துவிடும். சோடா அப்படி இல்லை. அதில் இருப்பது சோடியம், அது மண்ணிலேயே தங்கும். நம் டெல்டாக் களிமண்ணில் சோடியம் கூடினால் மண் இறுகித் தண்ணீர் இறங்காது. ஆறு ஸ்பூனால் ஒன்றும் ஆகாது, ஆனால் இயற்கைப் பொருள்தானே என்று கிலோக்கணக்கில் கொட்டக் கூடாது. துணி சோப்பில் போகிற சோடியம் இதைவிடப் பல மடங்கு என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். நான் கழுவுகிற நாளில் தண்ணீரைக் கல்வாழைக் குழிக்கும், மற்ற நாளில் வாழைக்கும் திருப்பிவிடுகிறேன். ஒரு செங்கல்லை நகர்த்துகிற வேலைதான்.

பிளீச் தண்ணீர் போன வாய்க்காலில் மண்புழு இல்லை என்று நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செப்டிக் டேங்குக்குப் போனாலும் அங்கே மலத்தைச் செரிக்கிற பாக்டீரியாவைத்தான் அது முதலில் அடிக்கும். நிறைய ஊற்றுகிற வீடுகளில் தொட்டி வேலை செய்யாமல் நாற்றம் கிளம்புவது சும்மா இல்லை.

எங்கள் வீட்டில் தீராத இடம் ஒன்று பாக்கி. மாடிக் குளியலறையின் வடகிழக்கு மூலை, கூரையும் சுவரும் சேரும் இடம். ஆறு வருஷத்தில் வினிகர், சோடா, தேய்ப்பு, எல்லாம் பார்த்தாயிற்று. மாதம் ஒருமுறை வருகிறது. போன கார்த்திகையில் ஒரு சதுர அடி பாலித்தீன் தாளை அந்த இடத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டேன். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்குள் இருக்கிற ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிற ஓதம். எங்களுக்குச் சுவர்ப்பக்கம்தான் முத்து முத்தாக நின்றது. மேலே தட்டோடு விரிந்திருக்கிறது. கொத்தனாரிடம் சொல்லியாயிற்று, அறுவடை முடிந்து மாசி வெயில் வந்ததும் ஓட்டைப் பெயர்த்துச் சுருக்கிச் சுண்ணாம்பு போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை வாரம் ஒருமுறை ஸ்டூல் போட்டு ஏறி, நனைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.